அந்தப் பட்டையை அவனே ஒட்டட்டும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரே, போன வாரம் தெரபி மையத்தின் வாசலில் ஒரு காட்சியைப் பார்த்தேன். பதினொரு வயதுப் பையன் ஒருவன் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தான். பார்வை மேலே, சுற்றுகிற மின்விசிறியில். அவன் அம்மா தரையில் மண்டியிட்டு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். இடது கால் முடிந்து வலது கால். கயிறு கட்டுகிற ஷூகூட இல்லை, வெல்க்ரோ பட்டையை இழுத்து ஒட்டினால் முடிந்தது. அதற்குச் சற்று முன்புவரை உள்ளே முக்கால் மணி நேரம் அவனுக்கு என்ன பயிற்சி நடந்தது தெரியுமா? விரல்களுக்கான பயிற்சி. துணி கிளிப்பை அழுத்தி எடுப்பது, மணி கோப்பது, வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டுவது. காசு கட்டி உள்ளே கற்றுக்கொடுத்ததை வாசற்படியிலேயே நம் கையால் அழித்துவிடுகிறோம்.

அந்த அம்மாவைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு என்றால், அது நானும் அதே தரையில் மண்டியிட்டவள் என்பதால்தான். என் மகனுக்கு ஒன்பது வயது ஆகும்வரை ஷூவும் நானே, சட்டையும் நானே, சோறும் என் கையால்தான். இப்போது அவனுக்குப் பதினேழு. அந்த ஒன்பது ஆண்டுகளில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பேன்? அதனால் உங்களிடம் கேட்கிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை: நாம் ஏன் இப்படிச் செய்கிறோம்?

பாசம் என்று சொல்லிக்கொள்கிறோம். கொஞ்சம் கடிகாரத்தைப் பாருங்கள். ஏழே முக்காலுக்கு வேன் வந்துவிடும். அவன் ஒரு சாக்ஸைப் போட நான்கு நிமிடம் எடுப்பான், நாம் போட்டால் இருபது நொடி. இட்லியை அவன் பிட்டுச் சாப்பிட்டால் சட்டையில் சட்னி வடியும், நாம் ஊட்டினால் வடியாது. நம் வீடுகளில் முக்கால்வாசிப் பாசம் இப்படி அவசரத்துக்குப் பிறந்ததுதான். இன்று ஒரு நாள்தானே என்று தினமும் சொல்லிச் சொல்லியே குழந்தைக்குப் பத்து வயதாகிவிடுகிறது.

மற்றக் குழந்தைகளுக்கு இதனால் வரும் நஷ்டத்தைவிட நம் குழந்தைகளுக்கு வரும் நஷ்டம் பெரிது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் மிகப் பலர் மாறாத ஒழுங்கைப் பற்றிக்கொண்டு வாழ்கிறவர்கள். எதற்குப் பின் எது என்பது அவர்கள் மனதில் கல்லில் வெட்டியதுபோல் பதிந்துவிடும். நாம் ஆயிரம் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டால், ‘அம்மா வந்து பொத்தான் போடுவாள்’ என்பதும் சட்டை அணிவதன் ஒரு படியாகவே பதிந்துபோகிறது. ஆயிரத்தோராவது காலையில் திடீரென்று ‘நீயே போடு’ என்றால் அவன் அலறுகிறான். அது அடம் என்று நினைக்கிறோம். அவனைப் பொறுத்தவரை உலகத்தின் வரிசை குலைந்துவிட்டது. அந்த வரிசையை எழுதிக் கொடுத்தவர்கள் நாம்தான்.

அடுத்தது ‘பாவம்’ என்கிற சொல். நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற பலம் எந்தத் தெரபிக்கும் கிடையாது. சாப்பிட்ட தட்டைப் பையன் எடுத்துப்போய்ப் போடட்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாட்டி வந்து, “பாவம், கொழந்த, அதுக்கென்ன தெரியும்” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். போகிற போக்கில், “பெத்தவளுக்கு மனசே இல்ல” என்று ஒரு சொல்லும் விழும். இதைக் கேட்டு அழுதிருக்கிறேன். ஆனால் அழுதுவிட்டு என்ன செய்தேன்? அடுத்த வேளை பாட்டிக்கு முன்னால் நானே தட்டை எடுத்தேன். பெரியவர்களிடம் கோபப்படாதீர்கள், ஆனால் பணிந்தும் போகாதீர்கள். “அத்தை, அவன் தட்டைப் போட்டதும் நீங்கதான் முதல்ல கைதட்டணும்” என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அவன் தட்டுக்குக் காவல் இருந்ததே பாட்டிதான்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. தெரபிக்குப் பணம் கட்டுவதோடும், வண்டியில் கொண்டுபோய் விடுவதோடும் உங்கள் பங்கு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பையன் முகம் கழுவ எவ்வளவு நேரம் எடுப்பான், எந்தப் படியில் நின்றுபோவான் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதவர்கள்தான் “ஏன் இன்னும் கத்துக்கல?” என்று முதலில் கேட்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறைச் செய்கிறவர்களையும் விடமாட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடம் எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு மீசை அரும்பும்போது திடுக்கென்று விழிக்கிறோம். ஒரே மாதத்தில் அவனே குளிக்க வேண்டும், அவனே உடுத்த வேண்டும், கடைக்குப் போக வேண்டும். பெரியப்பா மகன் இந்த வயதில் சைக்கிளில் டியூஷன் போகிறானாம். தம்பி தானாகத் தலை வாரிக்கொள்கிறானாம். இந்த ஒப்பீட்டில் பிறக்கிற அவசரம் குழந்தைக்காக வந்ததா, கல்யாண வீட்டுப் பந்தியில் நாம் தலைநிமிர்ந்து உட்கார வந்ததா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். கையை உதறுவதை நிறுத்து, காதைப் பொத்தாதே, எல்லோரையும்போல் உட்கார் என்று விரட்டுவதற்கும் சுயசார்பு என்று சிலர் பெயர் வைத்திருக்கிறார்கள். குக்கர் விசில் தாங்காத பிள்ளை தானே எழுந்துபோய் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டால் அதுதான் சுயசார்பு. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, அதைத் தானே செய்துகொண்டிருக்கிறான். வாய் பேசாத குழந்தை ‘உதவி’ என்ற படஅட்டையை எடுத்து நம் கையில் வைப்பதும் அப்படித்தான்.

அப்படியானால் எப்போது தொடங்குவது? நீங்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஐந்து வயதிலா, எட்டிலா, பேச்சு வந்த பிறகா? வயதைப் பார்த்தால் விடை கிடைக்காது, ஏனென்றால் நம் குழந்தைகள் ஒரே வயதில் பல வயதாக இருப்பவர்கள். ரயில் கால அட்டவணையை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்கு ஜிப் போடத் தெரியாது. அதனால் மொத்தமாக ‘தயாராகிவிட்டானா’ என்று கேட்காதீர்கள். எந்த வேலைக்கு, அந்த வேலையின் எந்தப் படிக்குத் தயார் என்று கேளுங்கள்.

அதற்கு அடையாளங்கள் உண்டு. நாம் தண்ணீர் ஊற்றும்போது அவன் கை சொம்பை நோக்கி வருகிறதா? நாம் பொத்தான் போடும்போது குனிந்து பார்க்கிறானா? பள்ளியில் தானே சாப்பிடுகிறான் என்று டீச்சர் சொல்லி, வீட்டில் மட்டும் வாயைத் திறந்து காத்திருக்கிறானா? (என் மகன் அப்படித்தான் இருந்தான். பள்ளியில் அவனுக்குக் கை இருந்தது, வீட்டில் அதற்கு வேலை இல்லை.) நாம் செய்யும்போது நம் கையைத் தட்டிவிடுகிறானா? அதைக் குறும்பு என்று அதட்டாதீர்கள். ‘விடு, நான் செய்கிறேன்’ என்று அவன் உடம்பு சொல்கிறது.

அடையாளம் தெரிந்தால் இன்னும் மூன்று கேள்விகள். தப்பாகப் போனால் ஆபத்து உண்டா, அல்லது அழுக்கு மட்டும்தானா? அழுக்கு என்றால் இன்றே தொடங்கலாம். இந்த வேலை ஒரு நாளில் எத்தனை முறை வருகிறது? கை கழுவுவது பத்து முறை வரும், நகம் வெட்டுவது வாரத்துக்கு ஒரு முறை. அடிக்கடி வருவதை முதலில் எடுங்கள். கடைசியாக, இதில் அவனுக்கு என்ன கிடைக்கிறது? தோசை பிடித்த பிள்ளை தட்டு எடுத்துவரக் கற்றுக்கொள்வான். படுக்கையை மடிப்பதில் அவனுக்கு என்ன லாபம்? அது பிறகு வரட்டும். காய்ச்சல், தூக்கமில்லாத இரவு, வீடு மாறிய வாரம், தீபாவளி வெடிச் சத்தம், இவை எதுவும் புதிதாகத் தொடங்க நேரம் இல்லை. அந்த நாட்களில் நேற்று செய்த வேலையைக்கூட அவனால் இன்று செய்ய முடியாமல் போகலாம். ‘நேத்து செஞ்சியே, இன்னைக்கு நடிக்கிறியா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நேற்றும் உண்மை, இன்றும் உண்மை.

இந்த இடத்தில் ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். 1943-இல் மனநல மருத்துவர் லியோ கேனர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் என்ற அடையாளம் மருத்துவ உலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது. அந்தப் பதினொன்றில் முதல் குழந்தை டொனால்டு டிரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். சில ஆண்டுகள் அவரை ஊருக்கு வெளியே ஒரு விவசாயத் தம்பதியரின் வீட்டில் பெற்றோர் தங்கவைத்தார்கள். டொனால்டுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தம்பதியர் அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கிணற்றைத் தோண்டச் சொல்லி, ஆழத்தை அளந்து சொல்லு என்றார்கள். சோளக் கொல்லையின் வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தவரிடம், உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கொடுத்தார்கள். பார்க்கப்போன கேனர், அந்தப் பையன் குதிரையையும் ஏரையும் லாவகமாகத் திருப்பி ஓட்டியதைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். டொனால்டு பின்னர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். வங்கியில் வேலை செய்தார். இருபத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றார். பல நாடுகளுக்குத் தனியாகப் பயணம் போய்வந்தார். 2023-இல், 89 வயதில் தன் ஊரிலேயே இறந்தார்.

அவர் குடும்பம் வசதியானது, வேலை பார்த்த வங்கியும் குடும்பத்துடையது. அது நமக்கெல்லாம் வாய்க்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த விவசாயத் தம்பதியர் செய்ததற்குக் காசு செலவாகவில்லை. பையன் ஏற்கெனவே எங்கே நிற்கிறான் என்று பார்த்தார்கள், அந்த இடத்திலேயே ஒரு வேலையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இதைப் படித்த பிறகுதான் என் மகனின் குளியலுக்கு எனக்கு வழி பிறந்தது. அவன் தண்ணீரில் இறங்கினால் வெளியே வரமாட்டான், வாளி மேல் வாளியாகக் காலியாகும். எண்களில் மட்டும் அவனுக்கு உயிர். பதினான்கு சொம்பு என்று சுவரில் எழுதி ஒட்டினேன். நான்கு சொம்பு, பிறகு சோப்பு, பிறகு பத்து. பதினான்காவது சொம்போடு கவிழ்த்து வைத்துவிட்டுத் துண்டைத் தேடினான். நான் ஆண்டுக்கணக்கில் கத்தியதை அந்தத் தாள் ஒரே வாரத்தில் செய்தது. முழுதாகத் தனியே குளிக்க எட்டு மாதம் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு வாரத்தில் எல்லாம் நடக்கும் என்று நீங்கள் நம்பி ஏமாறக் கூடாது.

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று சிறப்பாசிரியர்கள் நம்மிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. ஒரு வேலையைப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். முதல் படியை அல்ல, கடைசிப் படியை முதலில் குழந்தையிடம் விட வேண்டும். டிரவுசரை முட்டிவரை நாம் ஏற்றிவிட்டு, இடுப்புவரை இழுக்கும் வேலையை மட்டும் அவனுக்குத் தருவது. வேலை அவன் கையில் முடிகிறது, முடித்த நிறைவும் அவனுக்கே போகிறது. அது கைவந்ததும் கடைசிக்கு முந்தின படி. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்.

இன்னொன்று, வாயை மூடுங்கள். கடுமையாகச் சொல்கிறேன், மன்னியுங்கள். ‘சோப்பு எடு, கையில தேய், ம், அப்புறம், தண்ணி, தண்ணி’ என்று வானொலிபோல் ஓடிக்கொண்டே இருக்கிறோம். கையைப் பிடித்துச் செய்விப்பதைக்கூட மெல்ல மெல்ல விலக்கிவிடலாம், வாயால் சொல்லிச் செய்விப்பதை விலக்குவதுதான் மிகக் கடினம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் பலர் சொல்வது. குழந்தை அடுத்த படியைத் தன் மனதில் தேடாமல் நம் குரலுக்காக நின்றுவிடுகிறது. குரலுக்குப் பதில் படம் ஒட்டுங்கள், படம் கூடவே இருக்கும், நாம் இருக்கமாட்டோம். சொல்லிவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணும்வரை அடுத்த சொல் வேண்டாம். நம் பிள்ளைகளில் பலருக்குக் கேட்டதை உள்வாங்கவே அவ்வளவு நேரம் ஆகும். அவன் கோணலாக மடித்த துண்டை அவன் கண் எதிரே நீங்கள் மறுபடி மடிக்காதீர்கள். அவன் செய்தது செல்லாது என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆபத்து உள்ளவற்றில் என் பேச்சைக் கேட்டுக் குதித்துவிடாதீர்கள். சாலை, அடுப்பு, நீர்நிலை மூன்றும் வேறு கணக்கு. வீட்டை விட்டு நழுவிப் போகும் வழக்கம் உள்ள குழந்தைகள் நம்மிடையே பலர். தண்ணீர் அவர்களை இழுக்கும், அப்படி மூழ்கிப்போன குழந்தைகளின் செய்தி உலகெங்கும் உண்டு. கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாள் வையுங்கள், கழுத்திலோ கையிலோ நம் போன் எண் உள்ள அட்டை இருக்கட்டும். ஆனால் பூட்டு மட்டும் போதாது. பக்கத்தில் ஆள் வைத்து நீந்தக் கற்றுக்கொடுங்கள். என் மகனுக்குப் பதினேழு வயதிலும் வண்டியின் வேகத்தைக் கணிக்க வரவில்லை. அதனால் அவன் தனியே போகும் கடை எங்கள் தெருவில், எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சாலையைத் தாண்ட அவனால் முடியாது என்பதற்காகக் கடையையே அவனிடமிருந்து பறிக்க வேண்டுமா?

பேசக் கூச்சப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பதின்மூன்று வயது மகனை அம்மா குளிப்பாட்டும் வீடுகள் நம்மிடையே எத்தனை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கழிப்பறையில் கழுவிவிடுகிறோம், வேன் ஆயாவும் பள்ளி உதவியாளரும் உடை மாற்றுகிறார்கள். யார் வந்து ஆடையை அவிழ்த்தாலும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குக் கெட்ட தொடுகை எது என்று எப்படித் தெரியும்? பெண் குழந்தையைப் பெற்றவர்களே, மாதவிலக்கு வந்த அன்று நாப்கினைக் காட்டித் தொடங்கினால் அது அவளுக்குப் பேரதிர்ச்சி. ஒன்பது வயதிலேயே உள்ளாடையில் ஒட்டிப் பழக்குங்கள், சிவப்பு நிறம் பார்த்துப் பயப்படாமல் இருக்கப் படம் வைத்துச் சொல்லுங்கள். உடம்பு சம்பந்தப்பட்ட வேலைகளை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர்களே முழுதாகச் செய்ய முடியாவிட்டாலும், தொடும் முன் கேளுங்கள்.

அதோடு சேர்ந்தது ‘வேண்டாம்’ என்ற சொல். தெரபியிலும் பள்ளியிலும் வீட்டிலும் நாம் கற்றுக்கொடுப்பதெல்லாம் சொன்னபடி கேட்பது. உட்கார் என்றால் உட்கார், கொடு என்றால் கொடு. சொன்னபடி கேட்க மட்டும் தெரிந்த பிள்ளை யார் சொன்னாலும் கேட்கும். அவன் தலையை ஆட்டி மறுக்கும்போது, மருந்தும் சாலையும்போல் விட்டுக்கொடுக்க முடியாத விஷயமாக இல்லாவிட்டால், தயவுசெய்து ஒப்புக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்புறம் இவனை யார் பாத்துப்பா? இந்தக் கேள்வி இல்லாத இரவு நமக்கு இல்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பிள்ளைக்குப் பதினெட்டு வயதான பிறகு காப்பாளராக வேண்டுமானால் ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர் என்பதால் அந்த உரிமை தானாகத் தொடர்ந்துவிடாது. ஆட்டிசத்தைப் பட்டியலில் சேர்த்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்பவர் மாற்றுத்திறனாளியோடு சேர்ந்து, அவருடைய விருப்பத்தை ஒட்டியே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. அவருடைய விருப்பம்! எட்டு வயதில் நீலச் சட்டையா மஞ்சள் சட்டையா என்று ஒரு நாளும் கேட்காத பிள்ளையிடம், பதினெட்டில் அலுவலகத்தில் உட்காரவைத்து உன் விருப்பம் என்ன என்று எதை வைத்துக் கேட்பீர்கள்? விருப்பம் சொல்வதும் பொத்தான் போடுவதுபோல் பழகி வர வேண்டியதுதான்.

மிக அதிகமான துணை தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோர்களே, இதுவரை படித்துவிட்டு உங்கள் மனம் கனத்திருக்கும். உங்களை நான் கடிந்துகொள்ளவில்லை. சட்டைக் கைக்குள் தன் கையைத் தானே நீட்டினால் அது ஒரு படி. இரண்டு கிண்ணத்தில் எது வேண்டும் என்று கண்ணால் காட்டினால் அதுவும் ஒரு படி. வாழ்நாள் முழுதும் துணை வேண்டியிருக்கலாம், அதில் யாருக்கும் தோல்வி இல்லை. அந்தத் துணைக்குள்ளும் அவனுக்கென்று ஓர் இடம் இருக்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ‘நீங்க டிரெயினிங் சரியா கொடுக்கல’ என்று அவர்களிடம் சொல்கிற மற்றப் பெற்றோர்கள் அந்தப் பேச்சை இன்றோடு விடுங்கள்.

நாளைக் காலையே தொடங்கச் சொல்லமாட்டேன், நாளைக்கும் வேன் ஏழே முக்காலுக்கு வரும். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்குங்கள். பூங்காவுக்குக் கிளம்பும் முன் அரை மணி நேரம் ஒதுக்கிவையுங்கள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஷூவை நீங்களே மாட்டுங்கள். இடது காலில் இரண்டு பட்டை, வலது காலில் ஒரு பட்டை. மிச்சமிருக்கும் அந்தக் கடைசிப் பட்டையைத் தொடாமல், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அவன் மின்விசிறியைப் பார்ப்பான். பார்க்கட்டும். உங்களையும் பார்ப்பான். ஒன்றும் சொல்லாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள், பிறகு இன்னொரு பத்து. பூங்கா எங்கேயும் போய்விடாது.